லோடு குறைத்தது

அன்புள்ள அண்ணாச்சி,

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையத்துச் சுவரில் நேற்று உங்கள் படத்தைப் பார்த்தேன். பசை இன்னும் காயவில்லை, மைதா வாடை மூக்கில் ஏறியது. ‘கண்ணீர் அஞ்சலி’ என்று மேலே கறுப்பில் போட்டு, உங்கள் பெயரைச் சின்னதாகவும் ‘லோடு அண்ணாச்சி’ என்பதைப் பெரிதாகவும் அச்சடித்திருந்தார்கள். முதலில் நம்பவில்லை. கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு விறைப்பாக இருந்த அந்த ஆள் நீங்கள்தானா என்று கிட்டப் போய்ப் பார்த்தேன். காதில் எப்போதும் செருகியிருக்கும் பென்சில் இல்லை, அதனால் இன்னும் சந்தேகம். இடது புருவத்தில் ஏணி விழுந்த தழும்பைப் பார்த்த பிறகுதான் அழுகை வந்தது.

ராஜபாளையம் பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒருவர் தன் மனைவியிடம், “லாரி வச்சிருந்தவரா இருக்கும். லோடு அடிச்சே பெரிய ஆளாயிருப்பாரு” என்றார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பஸ் வந்துவிட்டது, அவர்கள் சீட்டுப் பிடிக்க ஓடிவிட்டார்கள். அந்தப் பெயர் உங்களுக்கு வரக் காரணம் நான். அதை உங்களிடம் ஒரு நாளும் நேராகப் பேசவில்லை. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

நாம் வேலை பார்த்தது எந்த ஊர் நகராட்சி என்று இதில் எழுதப்போவதில்லை. காகிதம் யார் கையில் சிக்கும் என்று யார் கண்டது? ராஜபாளையத்துக்காரர்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் என்று நினைக்கட்டும், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் ராஜபாளையம் என்று நினைக்கட்டும். ஓய்வு பெற்றும் இந்தச் சந்தேகப் புத்தி மாறவில்லை, பார்த்தீர்களா?

ஸ்டோருக்கு என்னைப் போட்டதே இந்தப் புத்திக்காகத்தான். குழாய், பிளீச்சிங் பவுடர் டிரம், துடைப்பம், பல்பு எல்லாம் என் பொறுப்பு. திருடர் பயத்தில் ஒரே ஜன்னலையும் சாத்தி, அதன் மேல் பழைய காகிதக் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தேன். பட்டப்பகலில் தலைக்கு மேல் இருநூறு வாட் குண்டு பல்பு எரியும். அதன் வெளிச்சத்தில் ஒரு ஆணி நகர்ந்தால்கூட எனக்குத் தெரிய வேண்டும். ‘ஸ்டோரம்மா’ என்று எனக்குப் பெயர் வைத்தது, ஆபீஸ் வயர்மேனான நீங்கள். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று அப்போதே யோசித்தேன்.

பீஸ் போன பல்பைக் கொடுத்தால்தான் புதுப் பல்பு. என் ராஜ்யத்தில் அதுதான் சட்டம். வரி ஹாலிலிருந்து வந்தாலும் சரி, கமிஷனர் அறையிலிருந்து வந்தாலும் சரி, வாங்கிக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பேன். உள்ளே இழை அறுந்து கிணுகிணுக்க வேண்டும். இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவேன். இப்படி இருந்த எனக்கு நீங்கள் செய்த காரியம் எப்படிப் பிடிபடும்? பை நிறைய நல்ல பல்புகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தீர்கள்.

“இந்தாங்க ஸ்டோரம்மா, உள்ள வச்சுக்கோங்க.”

“பீஸ் போயிருச்சா?”

“இல்ல. நல்லா எரியுது.”

“எரியுதுன்னா எதுக்குக் கழத்துனீய?”

“எரியுதுன்னுதான் கழத்துனேன்” என்று சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பதிவேட்டில் ‘கொடுத்தது’ என்று ஒரு கலம் இருந்தது, ‘பழுதாகித் திரும்பியது’ என்று ஒரு கலம் இருந்தது. நல்ல நிலையில் திரும்பியதற்குக் கலமே இல்லை. இருபது வருஷ சர்வீஸில் அப்படி ஒரு பொருள் திரும்பி வந்ததே இல்லை. எடுத்துக்கொண்டு போகிறவனை எனக்குத் தெரியும். கொண்டுவந்து கொடுக்கிறவனை எப்படி நம்புவது?

அந்த வருஷம் மேலிடத்திலிருந்து மின் சிக்கனம் பற்றி ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டி, எல்லாரும் படிக்கட்டும் என்று அதற்கு மேலே ஒரு டியூப் லைட்டைப் பகலெல்லாம் எரியவிட்டிருந்தார்கள். நீங்கள் அந்த லைட்டையும் கழற்றிக் கொண்டுவந்தீர்கள். கூட்ட ஹாலில் ஆளில்லாமல் எரிந்த பன்னிரண்டில் ஆறைப் பிடுங்கினீர்கள். வாசகசாலையில் ஜன்னலை மறைத்த பீரோவைத் தனியாளாக நகர்த்தி, வெளிச்சம் விழுந்ததும் மேலே இருந்த இரண்டைக் கழற்றினீர்கள். கடைசியில் என் ஸ்டோருக்கு வந்தீர்கள்.

“ஜன்னலைத் தொறந்துட்டா இந்தக் குண்டு பல்பு வேண்டாமே ஸ்டோரம்மா. அம்புட்டும் ஒரே கம்பி, பாத்துக்கோங்க” என்றீர்கள். ஸ்டோரை இருட்டாக்கி, ஜன்னலையும் திறக்கச் சொல்கிற ஆள்! முடியாது என்று சொல்லிவிட்டேன். மறுவாரம் வத்திராயிருப்பிலிருந்து உங்கள் மரத்து மாங்காயைக் கொண்டுவந்தீர்கள். “என்ன காரியம் ஆகணும் அண்ணாச்சி?” என்று கேட்டுப் பையைத் திருப்பி நீட்டினேன். உங்கள் முகம் சுண்டிப்போனது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

தெருக்களுக்குப் போடச் சரள் மண் லாரி லாரியாக வந்திறங்கிய நேரம் அது. நம் ஆபீசில் லோடு என்றால் சரள் லோடு, மணல் லோடு. வேறு அர்த்தம் எங்களுக்குத் தெரியாது. லோடு குறைகிறது என்று யாரோ ஒரு மொட்டைக் கடிதம் போட்டிருந்தார்கள். வந்த லோடுக்குக் கையெழுத்துப் போடுகிறவள் நான். யார் குறைத்தாலும் என் தலைதான் உருளும். அப்போதுதான் உங்கள் நோட்டு என் மேசையில் கிடந்தது. மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தீர்கள்.

பிறர் நோட்டைப் படிப்பது தப்பு. படித்தேன்.

‘கூட்ட ஹால் — லோடு பாதி குறைத்தது. வாசகசாலை — லோடு குறைத்தது. வரி ஹால் — லோடு குறைத்தது. யாருக்கும் தெரியவில்லை, நல்லது. ஸ்டோர் — ?’

அந்தக் கேள்விக்குறியைப் பார்த்ததும் எழுந்து கதவைச் சாத்தினேன். அடுத்து என் ஸ்டோர்! நல்ல பல்பு, மாங்காய், இருட்டு, ஜன்னல் எல்லாம் ஒரே நொடியில் பொருந்திவிட்டன. என்ன ஒரு கெட்டிக்காரி என்று என்னையே மெச்சிக்கொண்டேன். உங்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவீர்களே! நோட்டோடு சேர்த்துக் குறிப்பு எழுதி இன்ஜினியர் மேசையில் வைத்தேன். மூன்றாம் நாள் உங்களுக்கு மெமோ. விசாரணை முடியும்வரை மலையடிவாரத்துத் தண்ணீர் பம்ப் ஹவுஸுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். உங்கள் பதிலைப் படிக்க யாருக்கும் நேரமில்லை, ஏதோ காகிதக் கட்டுக்குள் கிடந்தது.

போகிற அன்று ஸ்டோர் வாசலில் வந்து நின்றீர்கள். “எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே, ஸ்டோரம்மா” என்றீர்கள். நான் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நடிக்கிறீர்கள் என்றே நினைத்தேன்.

நீங்கள் போன மறுநாளே ஒவ்வொரு பிரிவிலிருந்தும் பல்பு கேட்டு வந்தார்கள். பழைய பல்பை வாங்காமலே கொடுத்தேன். திருடன் பிடுங்கியதைத் திருப்பிப் போடுவதற்கு என்ன சட்டம்? நீங்கள் திருப்பிக் கொடுத்த அதே பல்புகளை என் கையால் எடுத்துக் கொடுத்தேன். கட்டடமே ஜெகஜ்ஜோதியாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு சாயங்காலம், சரள் லாரிக்காகக் காத்திருந்தேன். ஆறரை இருக்கும். காம்பவுண்டின் கடைசியில் நம் மகப்பேறு விடுதி இருந்ததே, அங்கிருந்து ஆயா ஓடிவந்தாள்.

“ஸ்டோரம்மா, எந்திரிங்க! புள்ள தல தெரியுது, லைட்டு கண்ணச் சிமிட்டிக்கிட்டுக் கெடக்கு. நர்சம்மா டார்ச்ச வாயில கவ்விக்கிட்டு நிக்காவ. அந்த வயர்மேன் அண்ணாச்சிய எங்கிட்டு அனுப்புனீய?”

“அவர் இருந்தா மட்டும் என்ன?”

“என்னவா? தறியெல்லாம் ஓடுற நேரம் கரண்டு இறங்கிப் போகுதுன்னு, முன்னாடி லோடக் கொறச்சுக் கொறச்சு எங்களுக்கு விட்டது அவியதான! ரெண்டு மாசமா லைட்டு நின்னு எரிஞ்சுச்சு.”

“என்ன லோடு?”

“கரண்டு லோடுதான். பொறவு என்ன, சரள் லோடா?”

அண்ணாச்சி, அப்போதும் நான் நம்பவில்லை. இவளும் உங்கள் கூட்டோ என்றுதான் முதலில் புத்தி ஓடியது. சோதித்துப் பார்த்துவிடலாம் என்று அவளைப் பிரசவ அறை வாசலில் நிறுத்தி, பார்த்துக் கத்தச் சொன்னேன். வரி ஹாலுக்குப் போய் அத்தனை சுவிட்சையும் அணைத்தேன்.

“கூடுதா?”

“செத்த கூடுது!”

கூட்ட ஹாலை அணைத்தேன். “வருது, வருது!” என்றாள். வாசகசாலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் திட்டத் திட்ட அணைத்தேன். கமிஷனர் அறை வராந்தாவை அணைத்தேன். “இன்னும் நிக்க மாட்டேங்குது, சிமிட்டுது!” என்று ஆயா கத்தினாள். தெருக்குழாயில் முன்வீட்டுக்காரர்கள் எல்லாரும் பிடித்துக்கொண்டால் கடைசி வீட்டுக்கு என்ன வரும்? ஒரே கம்பி என்று நீங்கள் சொன்னது அப்போதுதான் விளங்கியது. கம்பி பிரசவ அறைக்குப் போகுமுன் கடைசியாகத் தொடும் இடம் என் ஸ்டோர்.

ஸ்டோருக்கு வந்து சுவிட்சில் கை வைத்தேன். வைத்தும் உடனே அணைக்கவில்லை. கதவு திறந்து கிடக்கிறதே, இருட்டில் எவனாவது புகுந்து குழாயைத் தூக்கிவிட்டால் என்று ஒரு கணம் நின்றேன். உள்ளே ஒரு பெண் வலியில் கத்திக்கொண்டிருக்கிறாள், நான் குழாயை நினைத்துக்கொண்டிருக்கிறேன். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. பிறகு அணைத்தேன்.

“எரியுது! நின்னு எரியுது ஸ்டோரம்மா!”

கொஞ்ச நேரத்தில் குழந்தை அழும் சத்தம் கேட்டது. பெண் குழந்தை. தாயும் நலம் என்று ஆயா வந்து சொல்லிவிட்டுப் போனாள். நான் இருட்டில் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். அந்த நோட்டின் கேள்விக்குறி எதற்கு என்று அப்போது புரிந்தது. ஸ்டோரம்மா சம்மதிப்பாளா என்பதுதான் அது.

மறுநாள் இன்னொரு குறிப்பு எழுதினேன். ‘லோடு என்பதை லாரி லோடு என்று தவறாகப் புரிந்துகொண்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இன்ஜினியர் அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். சத்தமாக இரண்டு பேருக்குப் படித்துக் காட்டினார். டீக்கடைக்குப் போனது, பஸ் நிலையத்துக்குப் போனது. உங்கள் பெயரைக் காப்பாற்ற நான் எழுதிய குறிப்பே உங்களுக்குப் பட்டப்பெயராகிவிட்டது. கதையை அறிந்தவர்கள் சிரித்தார்கள். அறியாதவர்கள், ஏதோ லோடைத் தின்ற ஆள் போல என்று நினைத்திருப்பார்கள். ஒருமுறை மடவார் வளாகத்துக் கோயில் வாசலில் யாரோ “ஏ லோடு அண்ணாச்சி!” என்று கூப்பிட, நீங்கள் திரும்பிக் கையைக் காட்டிச் சிரித்தீர்கள். நான் பூக்கடைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். அவ்வளவு வெட்கம்.

பம்ப் ஹவுஸிலிருந்து உங்களைத் திருப்பிக் கூப்பிட நான்கு மாதம் ஆனது. வந்த அன்று நேராக ஸ்டோருக்கு வந்தீர்கள். ஜன்னல் திறந்திருந்தது. நிமிர்ந்து வெறும் ஹோல்டரைப் பார்த்தீர்கள்.

“பல்பு எங்க ஸ்டோரம்மா?”

மன்னிப்புக் கேட்க எத்தனை நாளாக வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு. “பீஸ் போயிருச்சு” என்றேன்.

“அப்ப பீஸ் போன பல்பக் கொண்டாங்க. அதக் குடுத்தாத்தான வேற கிடைக்கும்?”

என் சட்டம் என்னையே பிடித்துக்கொண்டது. மேசை டிராயரை இழுத்துத் தேடுவதுபோல நடித்தேன். “சரி, இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, காதிலிருந்த பென்சிலை எடுத்து நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போனீர்கள். என்ன எழுதினீர்கள்? இத்தனை வருஷமாக அதுதான் கேள்வி. என்னைப் பொய்க்காரி என்று எழுதினீர்களா, கேள்விக்குறியை அடித்துவிட்டு ‘குறைத்தது’ என்று எழுதினீர்களா? நல்லதாகத்தான் இருக்கும் என்று மனசு சொல்கிறது. என் மனசை நான் அவ்வளவு நம்புவதில்லை.

நேற்று வீட்டுக்கு வந்ததும் பரணில் ஏறினேன். துணியில் சுற்றி வைத்திருந்த அந்த ஸ்டோர் பல்பை இறக்கி, காதோரம் வைத்து ஆட்டினேன். கிணுகிணுக்கவில்லை. அதையும் நம்பாமல் சமையலறை ஹோல்டரில் மாட்டிப் பார்த்தேன். கண் கூசும்படி எரிந்தது. அத்தனை வருஷத்தில் என் ஸ்டோரிலிருந்து கணக்கில் வராமல் வெளியே போன ஒரே பொருள் இதுதான். எடுத்துக்கொண்டு போனவள் நான். அன்று நீங்கள் கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன்.

பல்பு பீஸ் போகவில்லை, அண்ணாச்சி. எரிந்துகொண்டிருந்தது. எரிகிறது என்றுதான் கழற்றினேன்.

இப்படிக்கு,
ஸ்டோரம்மா