பூட்டின் இரண்டாவது சாவி

நான் சாவியைப் பிடித்து வைத்துக்கொண்டதால்தான் நீங்கள் உச்சி வெயிலில் நடந்து போய் உயிரை விட்டீர்கள் என்று இங்கே சொல்லிக்கொள்கிறார்கள். அதில் இரண்டு பிழைகள் உள்ளன. சாவியை நான் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை, நீங்களாகக் கொடுத்தீர்கள். இரண்டாவது பிழை பெரியது. அதை நேற்று மதியம்வரை நானும் உண்மை என்றே நம்பிக்கொண்டிருந்தேன். வரிசைப்படி வருகிறேன்.

நான் அழவில்லை என்றும் சொல்கிறார்கள். அது சரியான தகவல். திருத்த ஒன்றுமில்லை.

என் முன்னால் ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் உறை கிடக்கிறது. வாயை ஸ்டேப்ளர் பின் அடித்து மூடிக் கொடுத்தார்கள். பதினோரு மாதம் பீரோவின் கீழ்த்தட்டில் இருந்தது. திறக்கத் துணிவில்லாமல் வைத்திருந்தேன் என்று நினைக்க வேண்டாம். தேவை வரவில்லை. போன வாரம் வந்தது. மெயின் ரோட்டிலிருந்து நம் ஊருக்குப் பிரியும் விலக்கில் டீக்கடை வைத்திருக்கும் பாண்டியம்மாள் பால்காரரிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். சாலையை அகலப்படுத்தப் புளியமரத்தை வெட்டப்போகிறார்களாம்; மரத்தோடு சங்கிலி போட்டுக் கிடக்கும் அய்யாவின் வண்டியை எடுத்துக்கொள்ள வேண்டுமாம். சங்கிலியின் சாவி என் கைப்பையில் இருந்தது. வண்டியின் சாவி இந்த உறைக்குள் இருந்தது. ஆகவே நேற்றுக் காலை திறந்தேன்.

முதலில் வந்தது பெட்ரோல் வாசனை. உங்கள் கைக்குட்டைக்குள் வண்டியின் பிளக் மூடி சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அது இல்லாமல் எஞ்சின் ஓடாது. வெளியூர் கிளம்பினால் அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போடாமல் நீங்கள் பஸ் ஏறியதில்லை. உங்கள் வெள்ளைச் சட்டைகளில் எத்தனைக்கு இடது பையில் கறுப்புக் கறை என்று யாராவது கேட்டால் சொல்வேன். எல்லாவற்றுக்கும்.

நம் முதல் வண்டி தேனியில் பறிபோனது. பஸ் நிலையத்துக்கு வெளியே ஒரு சுவரோரம் நிறுத்திவிட்டு மதுரைக்குப் போனோம். மாலையில் திரும்பினால் சுவர் மட்டும் இருந்தது. காவல் நிலையத்தில் புகாரை நான்தான் எழுதினேன், இரண்டு பக்கம், அடித்தல் திருத்தல் இல்லாமல். வாங்கிப் படித்த ஏட்டு, வண்டிச் சாவியைக் காட்டச் சொன்னார். நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டு, “அது வண்டியிலதேன் இருக்கு” என்றீர்கள். அவர் பேனாவை மூடிவிட்டார். அந்தப் பேனாவை மூடிய சத்தத்தை இருபது வருடம் உங்களுக்கு நான் நினைவூட்டிக்கொண்டிருந்தேன். இப்போது கணக்கிட்டால் அது அதிகம் என்று தெரிகிறது.

இரண்டாவது வண்டி வந்தபோது சங்கிலியும், அமுக்கினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் பெரிய பூட்டும் வாங்கினோம். அன்றுதான் நீங்கள் சொன்னீர்கள். “வண்டிச் சாவி எங்கிட்ட இருக்கட்டும். பூட்டுச் சாவி ஒங்கிட்ட. திருடன் வந்தா நம்ம ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டுத்தேன் போகணும்.” ஊர் திருத்திக்கொள்ள வேண்டிய முதல் பிழை இது. நீங்களே சொல்லி, நீங்களே என் கையில் வைத்தீர்கள்.

திருட்டைப் பற்றி நமக்கு இரண்டு கொள்கைகள் இருந்தன. வண்டியைப் பார்க்கிறவனுக்கு அதன்மேல் ஆசை வரக்கூடாது என்பது உங்களுடையது. அதற்காக விலக்கில் நிறுத்தியதும் பெட்ரோல் டேங்கில் சேற்றைப் பூசுவீர்கள். சீட்டின்மேல் கிழிந்த உரச் சாக்கைக் கட்டுவீர்கள். பிளக் மூடி உங்கள் பைக்குப் போகும். ஹேண்டிலை இடது பக்கம் ஒடித்துப் பூட்டி, எண் தகடு பாண்டியம்மாளின் அடுப்பைப் பார்க்கும்படி நிறுத்துவீர்கள். மதுரையில் கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அந்தச் சாக்கின் பக்கத்தில் நான் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறேன். நம் நிலத்தில் விளைவது திராட்சை, குப்பை இல்லை என்று உங்களிடம் சொன்னதும் நினைவிருக்கிறது.

என் கொள்கை எளியது. பூட்டு என்றால் பூட்டு. அதற்கு ஒரு சாவி. கான்வென்ட் விடுதியில் எங்கள் டிரங்குப் பெட்டிகளின் உபரிச் சாவிகளை முதல் நாளே மதர் வாங்கி வைத்துக்கொள்வார். இன்னொரு சாவி புழங்குகிற பெட்டியைப் பூட்டிய பெட்டியாக அவர் ஒப்புக்கொண்டதில்லை. நம் பூட்டோடு வந்த இரண்டாவது சாவியை வாய்க்காலில் எறியச் சொன்னேன். நீங்கள் வரப்பில் நின்று கையை வீசினீர்கள். தண்ணீரில் ஏதோ விழுந்தது. நான் வீட்டுக்குள் போய்விட்டேன்.

பூட்டை மாட்டும் முறையையும் நான்தான் வகுத்தேன். சங்கிலி பின்சக்கரம் வழியாகப் போய் மரத்தைச் சுற்றி வரவேண்டும். சாவித் துளை தரையைப் பார்த்து, மரத்தின் பக்கமாக இருக்கவேண்டும். மழை இறங்காது என்பது ஒரு காரணம். யாராவது தொட்டிருந்தால் எனக்குத் தெரிந்துவிடும் என்பது இன்னொன்று.

மழை நாள் ஒன்றைச் சொல்ல வேண்டும். மதுரையில் என் தங்கை வீட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். ஆண்டிபட்டி தாண்டும்போது கைப்பையைத் துழாவினேன். சாவி இல்லை. தங்கை வீட்டு அலமாரியில் வளையலோடு கழற்றி வைத்தது கண்ணில் வந்தது. உங்களிடம் சொல்லவில்லை. தேனியில் ஒருமுறை, சின்னமனூர் வருவதற்குள் இன்னொரு முறை துழாவினேன். நீங்கள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். விலக்கில் இறங்கியபோது மழை கொட்டியது. என்னைக் கடைக்குள் நிற்கச் சொல்லிவிட்டுத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு போய் வண்டியருகே குந்தினீர்கள், எனக்கு முதுகைக் காட்டி. சங்கிலியோடு எழுந்து வந்தீர்கள்.

“இழுத்தேன், வந்துருச்சு. காலைல நா சரியா அமுக்கல போல.”

அன்று காலை பஸ் வந்துவிட்ட அவசரத்தில் பூட்டை அமுக்கியது நீங்கள்தான். ஆகவே நம்பினேன். நம்பியதோடு நிற்கவில்லை. விலக்கிலிருந்து வீடுவரை இரண்டரை கிலோமீட்டர், உங்கள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, பொறுப்பு என்றால் என்ன என்று விளக்கினேன். பேச்சில் முதல் வண்டி வந்தது, ஏட்டின் பேனா வந்தது. நீங்கள் மழையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஓட்டினீர்கள். நான் சாவியை மறந்த விஷயத்தை அன்று சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. தங்கை அதைத் தபாலில் அனுப்பினாள். உறை உங்கள் கைக்குத்தான் வந்தது. பிரிக்காமல் என் மேசையில் வைத்தீர்கள்.

அதன்பின் ஒவ்வொரு பயணத்திலும் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். நீங்கள் படியில் ஒரு காலை வைத்து, “செத்த இருங்கய்யா, சோதனை நடக்குது” என்று கண்டக்டரிடம் சொல்வீர்கள். பஸ்ஸில் சிலர் சிரிப்பார்கள். நான் சிரித்ததில்லை.

இனி கடைசி நாள். தங்கை மகள் கல்யாணம். முதல் நாளே போயிருந்தோம். மறுநாள் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச நம் முறை என்பதால் முகூர்த்தம் முடிந்ததும் நீங்கள் மட்டும் கிளம்பினீர்கள். பூட்டுச் சாவி என் பையில் இருந்தது. நீங்கள் கேட்கவில்லை; நான் கொடுக்கவில்லை. முறைப்படி, சாவியை வைத்திருப்பவர்தான் கொடுக்க வேண்டும். அந்த முறையை எழுதியவள் நான்.

பந்தி முடிந்து கைக்குட்டை எடுக்கப் பையைத் திறந்தபோது சாவி விரலில் பட்டது. உடனே போன் செய்தேன். மண்டபத்து மேளச் சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினேன். நீங்கள் அப்போது நடந்துகொண்டிருந்தீர்கள். மூச்சு வாங்கியது கேட்டது. சாவியை ஏன் கேட்டு வாங்கவில்லை என்று கேட்டேன். நீங்கள் சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை. வெயில் எப்படி என்று கேட்கவில்லை. சாவியைப் பற்றித்தான் கேட்டேன்.

“மறந்துட்டேன். என் தப்புத்தேன். நீ சாப்ட்டியா?” என்றீர்கள்.

சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் நீங்கள் சின்னப் பாலத்தின் கட்டையில் சாய்ந்திருப்பதைப் பார்த்து, முதலில் இளைப்பாறுகிறீர்கள் என்று நினைத்தார்களாம். அந்த போன் பேச்சு ஊருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவர்கள் சொல்வது இன்னும் கொஞ்சம் நீளமாக இருக்கும்.

நேற்றுக் காலை உறையில் உங்கள் கண்ணாடியும் அதன் கூடும் தனித்தனியாகக் கிடந்தன. கண்ணாடியை அப்படிப் போட்டால் கீறல் விழும். கூட்டுக்குள் வைக்கலாம் என்று திறந்து, துடைக்கும் துணியை எடுத்தேன். அடியில் ஒரு சாவி இருந்தது. என்னுடையதை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். இரண்டின் தலையிலும் ஒரே எண். என்னுடையது தேய்ந்து வெளுத்திருந்தது. அது இன்னும் மஞ்சளாக இருந்தது. நாலைந்து முறைக்குமேல் பூட்டுக்குள் போயிருக்காது. அப்படியானால் வாய்க்காலில் விழுந்தது என்ன? ஒரு கல்லாக இருக்கலாம்.

சின்னமனூரிலிருந்து மெக்கானிக் சரக்கு ஆட்டோவோடு வந்தார். மதியம் விலக்குக்குப் போனோம். சாக்கு மக்கிவிட்டது. டயர் இரண்டிலும் காற்றில்லை. பூட்டு நான் வைத்தபடியே, துளை தரையைப் பார்த்து, மரத்தின் பக்கமாக இருந்தது. மெக்கானிக் சங்கிலியைத் தூக்கிப் பார்த்தார். “இதைக் களவாங்குறவன் மரத்தையும் வேரோட தூக்கிட்டுத்தேன் தாயி போகணும்” என்றார். நான் உங்கள் சாவியைப் போட்டேன். சத்தமில்லாமல் திறந்தது.

பாண்டியம்மாள் தள்ளி நின்றாள். பதினோரு மாதமாக அவள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. நீங்கள் கடைசியாகச் சொன்னதை நாலு பேரிடம் சொன்னவள் அவள்தான். அந்த நாலு பேர்தான் ஊர். நான் கூப்பிட்டு, அன்று நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னேன்.

“நா ஒன்னும் கூட்டிச் சொல்லலம்மா” என்றாள். “பஸ்ஸ விட்டு எறங்குனாக. டீ வேணாம்னாக. வண்டிக்கிட்டப் போயி நின்னாக. ‘சாவி அம்மாட்ட இருக்கு, நா நடந்தே போயிர்றேன்’னாக. அம்புட்டுத்தேன்.”

நின்றபோது என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

அவள் யோசித்தாள். “பையில இருந்து கண்ணாடிக் கூட்ட எடுத்தாக. தெறந்து பாத்தாக. பெறகு மூடி உள்ள வச்சுட்டாக.”

“கண்ணாடியை எடுத்து மாட்டினாரா?”

“கண்ணாடி மூக்குலதேன் இருந்துச்சும்மா.”

ஊரின் இரண்டாவது பிழை இதுதான். நீங்கள் சாவி இல்லாமல் நடக்கவில்லை. சாவியை வைத்துக்கொண்டு, அதைப் பார்த்தும்விட்டு நடந்தீர்கள். இதைப் பாண்டியம்மாளிடம் சொன்னேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஊரில் சொல்லிவிடுவாள், சொல்லட்டும். என்மேல் இருந்த குற்றம் நீங்கிவிட்டது என்று நினைப்பார்கள். அவர்களுக்குக் கணக்கு அவ்வளவுதான் தெரியும்.

எனக்குத் தெரிந்தது வேறு. அன்று நீங்கள் வண்டியில் வீட்டுக்குப் போயிருந்தால், மறுநாள் நான் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மரத்தடி காலியாக இருப்பதைப் பார்த்திருப்பேன். பூட்டை எப்படித் திறந்தீர்கள் என்று கேட்டிருப்பேன். நிச்சயம் கேட்டிருப்பேன். மறுபடியும் இழுத்ததும் வந்துவிட்டது என்று உங்களால் சொல்ல முடியாது. அந்தப் பயணத்தில் அமுக்கியதும் நான், மூன்று முறை இழுத்துப் பார்த்ததும் நான். சாவியைக் காட்ட வேண்டியிருக்கும். காட்டினால் மழை நாளன்று பூட்டு தானாக வரவில்லை என்பது வெளியே வரும். நான் மறந்ததும், மறைத்ததும், அதற்கும் சேர்த்து உங்களைத் திட்டியதும் வரும். அத்தனை வருடம் நீங்கள் வாங்கிக்கொண்ட பேச்சு ஒவ்வொன்றும் என்னிடம் திரும்பி வரும். கண்ணாடிக் கூட்டைத் திறந்து மூடிய நேரத்தில் இதையெல்லாம் நினைத்தீர்களா?

வண்டியைக் கொட்டகையில் நிறுத்தியிருக்கிறேன். டேங்கைத் துடைத்தேன். பூட்டுப் போடவில்லை. சாவிகள் இரண்டையும் என்னிடமே வைத்துக்கொண்டேன். காலையில் எழுந்தேன், காபி போட்டேன், குடித்தேன். உடம்பில் எதுவும் நடக்கவில்லை. இதை எழுதும்போது கையெழுத்துக்கூடக் கோணவில்லை. வேண்டுமானால் பாருங்கள்.

தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். அந்த வெயிலில் நீங்கள் நடந்தது எனக்கு அவமானம் வரக்கூடாது என்பதற்காகவா, அல்லது நான் கேட்கப்போகும் கேள்விக்குப் பயந்தா? இரண்டும் ஒன்றில்லை. முதலாவது என்றால் நான் அதைச் சுமக்க வேண்டும். இரண்டாவது என்றால் அதையும் நான்தான் சுமக்க வேண்டும். ஆனால் எது என்று தெரியாமல் சுமக்க எனக்கு வராது. என்னைத் தேற்றுவதற்காக எதையும் மாற்றிச் சொல்ல வேண்டாம். பயம் என்றால் பயம் என்றே எழுதுங்கள்.

பதிலை எழுத்து மூலம் அனுப்புங்கள்.