மெழுகாத சுவர்

மாரியம்மன் துணை

திண்ணனூர் நாடு, கொல்லிமலை
ஆடி 2

என் மதிப்புக்குரிய அவர்களுக்கு ருக்குமணி வணங்கி எழுதுவது. இங்கே நானும் அருணாவும் சுகம். அகமதாபாத்தில் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று போனில் கேட்டால் "நல்லா இருக்கறேன்" என்கிறீர்கள். நான் "சரிங்க" என்கிறேன். நீங்கள் "சரி" என்கிறீர்கள். அதற்கு மேல் பேச்சு நகரமாட்டேன் என்கிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

மழை இந்த வருஷம் ஆனியிலேயே பிடித்துக்கொண்டது. மிளகுக் கொடிக்கு நல்லது, மரவள்ளியில்தான் கொஞ்சம் அழுகல். அருணா உங்களைப் போலவே சாப்பிடும்போதும் புத்தகத்தை விடுவதில்லை.

ஆராய்ச்சிக்கென்று நீங்கள் வாசலில் கட்டிவிட்டுப் போன சுவர்கள் மூன்றும் நிற்கின்றன. ஒன்றாம் தேதி அளந்தேன். வெறும் மண் சுவரில் மேற்குப் பக்கம் மழை அறைகிறது. கரைவதை அளக்க நீங்கள் அடித்து வைத்த ஆணிகள் போன மாதத்தைவிட வெளியே தெரிகின்றன. சுண்ணாம்பு கலந்த மற்ற இரண்டிலும் மாற்றம் இல்லை. மழை அளவும் சேர்த்துத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன், இரண்டு முறை சரிபார்த்துவிட்டேன். பக்கத்து வீட்டுக் கண்ணாயி அக்காவின் ஆடு வந்து உரசுகிறது என்று சுற்றிலும் முள் கட்டினேன். "சொவத்துக்கே செறை போட்டுட்டயா புள்ள, அது எங்க ஓடப் போவுது?" என்று அக்கா சிரிக்கிறது.

எதையும் பூசாமல் இரண்டு மழைக்காலம் நின்றால்தான் மண் எவ்வளவு கரைகிறது என்று தெரியும், சிமெண்டை நம்பாமலே இந்தக் காலத்துக்கு வீடு கட்டலாம் என்று உங்கள் ஆராய்ச்சியில் அடித்துச் சொல்ல முடியும் என்பது எனக்குத் தெரியாதது இல்லை. பள்ளிக்கூடம் பாதியில் நின்ற நான் உங்கள் புத்தகங்களை எழுத்துக் கூட்டிப் படித்தவள். சுவரைப் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் விளக்கிச் சொன்னதும் நான்தான். போன வருஷம் செய்ததைத் தெரியாமல் செய்திருந்தால் மனசு ஆறிப்போயிருக்கும்.

போன ஆடியில் மாரியம்மன் நோம்பிக்குப் பூச்சாட்டு முடிந்து ஊரே வீடு மெழுகிக்கொண்டிருந்த நேரத்தில்தான், உங்களை டெங்கு என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகப் போன் வந்தது. கிளம்பி வரவும் வழியில்லை. அப்போது கண்ணாயி அக்கா வந்து, "ஏம்புள்ள ருக்கு, பூபதி காச்சல்ல கெடக்கறான், நீ சொவத்த மூளியா உட்டு வெச்சிருக்கறயே, உனக்கே நல்லா இருக்குதா?" என்றது. நம் ஊரில் நோம்பிக்கு மெழுகாமல் விடுவது சாவு விழுந்த வீட்டுச் சுவரை மட்டும்தானே. அதற்குப் பிறகு என் கை என் பேச்சைக் கேட்கவில்லை. ஆணித் தலையெல்லாம் மறையும்வரை சாணியும் செம்மண்ணும் போட்டு மெழுகினேன். மறுநாள் காய்ச்சல் இறங்கிவிட்டது என்றார்கள்.

உங்கள் பேராசிரியர் அந்தச் சுவர்களைக் கணக்கில் எடுக்க முடியாது என்றுவிட்டார். பட்டம் தள்ளிப்போனது. தையில் வந்து நீங்களும் ஒத்தாசைக்கு வந்த அர்த்தனாரி அண்ணனும் பழைய சுவர்களை உடைத்து, மண்ணைச் சலித்து, மறுபடி முதலிலிருந்து கட்டினீர்கள். என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். "விடு ருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு, திமிசை எடுத்து மண்ணை இடித்துக்கொண்டே இருந்தீர்கள். நான் தண்ணீர்ச் செம்போடு நின்றேன். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

தப்பு என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அன்றைக்கு மெழுகாமல் இருந்திருப்பேன் என்று பொய் எழுத மாட்டேன். உங்கள் படிப்பையும் உங்களையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

இந்த வருஷம் போன செவ்வாய்க்கிழமை பூச்சாட்டு ஆனது. வீட்டை மெழுகிவிட்டேன். சுவர்கள் மூன்றையும் தொடவில்லை. கண்ணாயி அக்கா முள்வேலி ஓரம் நின்று பார்த்துவிட்டு, சிரிக்காமல் போய்விட்டது. அருணா சுவரில் ஒரே ஒரு குங்குமப் பொட்டு வைக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் கண்ணு, அப்பா கணக்கு கெட்டுவிடும் என்றேன். வேலிக் கம்புக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தோம். ஆத்தாளிடம், மெழுகாமல் விட்டவள் நான், எது வந்தாலும் எனக்கே வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன். அவளுக்கும் படிப்பின் அருமை தெரியாமலா இருக்கும்.

நீங்கள் வேளைக்குச் சாப்பிடுங்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். ரோட்டைக் கடக்கும்போது போன் பார்க்க வேண்டாம். கொசுவலை இல்லாமல் படுக்காதீர்கள்.

அடுத்த வாரம் புதன்கிழமை தீமிதி. அன்றைக்கு மட்டும் விடிந்ததும் போன் செய்யுங்கள். சிக்னல் கிடைக்கும் மேட்டில் நான் முன்னாலேயே வந்து நிற்பேன். நிறையப் பேச வேண்டாம். வழக்கம்போல "சரி" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

ஆத்தா உங்கள் தலைமாட்டில் இருக்கட்டும்.

உங்கள்
ருக்குமணி