ஏழாம் பக்கத்தில் நான் எழுதியது

கீலர்ஸ் பெர்ரி, அயோவா
27 ஆகஸ்ட் 1997, புதன்கிழமை

அன்பு மகள் மாரிட்டுக்கு அப்பா எழுதுவது.

இங்கே எனக்கு உடம்பு பரவாயில்லை, ரத்த அழுத்தம் மட்டும் டாக்டர் சொல்கிற எண்ணுக்கு இறங்க மாட்டேன் என்கிறது, மற்றபடி வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். அலாஸ்காவில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், ஆஸ்பத்திரியில் இரட்டை ஷிப்ட் பார்ப்பதாக எழுதியிருந்தாய், அப்படி உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. சோல்வெய்க் அத்தை முழங்கால் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டாள், வந்த மறுநாளே எனக்குப் போன் போட்டுத் திட்டுகிற அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது. அவள் திட்டியது நியாயம்தான். அதைத்தான் உனக்கு எழுத வேண்டும் என்று மூன்று நாளாக உட்காருகிறேன், எழுந்துவிடுகிறேன். வெர்னன் நம் வீட்டை விட்டுப் போய்விட்டான், மாரிட். உன் அறை காலியாகக் கிடக்கிறது. அவனைப் போகவைத்தது நான்.

நம் ஊர் பேஸ்பால் டீம் ஹெரன்ஸ் இந்த வருஷம் எப்படி ஆடினார்கள் என்று உனக்கு நான் எழுதவே இல்லை, எழுதுகிற மாதிரி இல்லை. ஜூலை முடிவில் அறுபது ஆட்டத்தில் பதினெட்டுதான் ஜெயித்திருந்தோம். சட்டையில் நாரைப் படம் போட்டுக்கொண்டு கோழி மாதிரி ஆடுகிறார்கள் என்று லெஸ்டர் தினமும் சொல்வான், இருபது வருஷமாக எனக்குப் பக்கத்து சீட்டில் உட்காருகிறவன், அவன் வாய் உனக்குத் தெரியும். புதிதாக டீமை வாங்கியிருக்கிற ஹோல்கம் என்பவர் டெ மாயினிலிருந்து வந்தவர், நாற்பது வயதுகூட இருக்காது. அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் முன்னாள் சிப்பாய்களின் லீஜன் ஹாலில் ரசிகர்களைக் கூட்டி, இந்த டீமை எப்படித் தூக்கி நிறுத்துவது என்று நீங்களே எழுதிக் கொடுங்கள், நான் படிக்கிறேன் என்றார். நான் இதற்கு முன்னால் மூன்று முதலாளிகளுக்கு எழுதியவன். ஒருத்தர் பதிலுக்கு ஒரு காலண்டர் அனுப்பினார், மற்ற இரண்டு பேர் அதுகூட அனுப்பவில்லை. உன் அம்மா இருந்தவரை, உங்க கடுதாசிய அவங்க மேஜைக் கால் ஆடாம இருக்க மடிச்சு வெச்சிருப்பாங்க என்று கிண்டல் பண்ணுவாள். அதனால் யாரும் படிக்க மாட்டார்கள் என்கிற தைரியத்தில்தான் இந்தத் தடவையும் எழுதினேன். அதுவும் ஒரு சாக்குத்தான், தெரியும்.

மஞ்சள் தாளில் பதினோரு பக்கம். ஸ்கோர் நோட்டுகளைச் சாப்பாட்டு அறை முழுக்கப் பரப்பி வைத்துக்கொண்டு ஐந்து நாள் எழுதினேன். நல்ல யோசனைகள்தான் மாரிட், இப்போதும் சொல்கிறேன். பெரிய லீகில் பேர் வாங்கி ஓய்ந்துபோனவர்களைப் பேருக்காகக் கூட்டிவராதே, இந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் யாரும் எடுக்காமல் விட்ட பையன்கள் பத்துப் பேர் இருக்கிறார்கள், அவர்களை எடு. நம் மைதானத்தில் ஆற்றுக் காற்று வலது பக்கம் தள்ளும், உயரத் தூக்கி அடிக்கிற பந்தெல்லாம் வேலியைத் தாண்டிவிடும், ஆகவே தரையில் உருள அடிக்க வைக்கிற மாதிரி பந்து எறிகிற பிட்சர் வேண்டும். பஸ்ஸில் எட்டு மணி நேரம் வந்து இறங்கிய அன்றே யாரையும் ஆட வைக்காதே. பயிற்சியாளர் வேலையை மானேஜரின் பழைய சினேகிதர்களுக்குக் கொடுக்காதே, புள்ளிவிவரம் படிக்கத் தெரிந்தவனுக்குக் கொடு. இதெல்லாம் ஆறு பக்கம் வரைக்கும், அப்புறம் ஒன்பது பத்தில். நடுவில் ஏழாம் பக்கம் கேட்சரைப் பற்றி.

அடிக்கிறவனுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிக்கிற நம் கேட்சர் என்றால் வெர்னன். அவன் ஐந்து கோடையாக நம் வீட்டில்தான் இருந்தான். ஆட்டக்காரர்களை ஊர்க்காரர்கள் ஆளுக்கொருவராக வீட்டில் வைத்துச் சாப்பாடு போடுவது நம் ஊர் வழக்கம்தானே, அம்மா இறந்துபோன வருஷம் நான் அவன் பேரைத்தான் எழுதிக் கொடுத்தேன், அதற்கப்புறம் வேறு யாரையும் கேட்கவில்லை. முப்பத்து நாலு வயது அவனுக்கு. இந்த வருஷம் எதிர் டீம்காரர்கள் ஐம்பத்தெட்டுப் பேர் அவன் கண் முன்னாலேயே அடுத்த பேஸுக்குத் திருட்டு ஓட்டம் ஓடினார்கள், ஏழு பேரைத்தான் அவனால் எறிந்து அவுட்டாக்க முடிந்தது. நான் எழுதப்போவதைக் கேள்விப்பட்டு லெஸ்டர், ஊரையே திருத்துவ, ஒன் மேஜையில திங்கறவன மட்டும் தொடமாட்ட என்று எல்லோர் முன்னாலும் சொன்னான். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. நான் பாரபட்சம் பார்க்காத ரசிகன் என்று ஒரு கர்வம் எனக்கு, அது உனக்கும் தெரியும், உன் பள்ளிக்கூட டீமில் நீ கோட்டைவிட்ட பந்துகளைக்கூட நான் ஒன்று விடாமல் நோட்டில் எழுதினவன். அதனால் ஏழாம் பக்கத்தின் தலைப்பிலேயே வெர்னனை உடனே விடுவிக்க வேண்டும் என்று எழுதினேன். ஐம்பத்தெட்டு, ஏழு, இரண்டு எண்ணையும் எழுதினேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

ஜூன் மாதம் ஒரு காலைச் சாப்பாட்டில் அவன் காபிக் கோப்பையை இடது கையால் எடுப்பதைப் பார்த்துக் கேட்டேன். வலது கையில் நடு இரண்டு விரலும் மரத்துப்போயிருக்கிறது, பந்தில் தையல் எங்கே இருக்கிறதென்று தடவித் தெரியவில்லை, கண்ணால் பார்த்துத்தான் பிடிக்கிறேன் என்றான். மானேஜர் கஸ், இந்த சீசனை முழுசாக முடித்துவிட்டால் அடுத்த வருஷம் பயிற்சியாளராக எடுத்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார், அதுவரை டீமில் பேர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பதினேழு வயதிலிருந்து அவன் வேறு வேலை பார்த்ததில்லை, அதைவிட்டால் அவனுக்குப் போக்கிடம் கிடையாது. இது உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்சா போதும் ஆர்விட் என்றான். நானும் தலையாட்டினேன். அன்றிலிருந்து தினமும் உன் அம்மாவின் சூப்புப் பாத்திரத்தில் ஐஸ் நிரப்பி அவனுக்கு நான்தான் வைத்தேன். அப்படிப்பட்ட நான் ஏழாம் பக்கத்தில், எண்களுக்குக் காரணம் சொல்லாவிட்டால் அரைகுறையாக இருக்குமே என்று, அவன் விரல் மரத்துப்போனதையும் ஒரு வரி எழுதிவிட்டேன். எழுதும்போது என் மனசாட்சி ஒன்றும் முனகவில்லை. நல்ல வாதம் என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. அவனும் அப்போது பின்பக்கம் என் தக்காளிச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான்.

இருபது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு முதலாளி என் கடிதத்தைப் படித்தார். படித்ததோடு விடாமல் நகல் எடுத்து மானேஜருக்கும் டீம் மருத்துவருக்கும் கொடுத்துவிட்டார். இரண்டு வாரத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை வெர்னனைக் கூப்பிட்டுக் கண்ணை மூடச் சொல்லி விரலில் ஊசியால் குத்தினார்களாம், எப்போது குத்தினார்கள் என்று அவனுக்குத் தெரியவில்லை. அன்றைக்கே விடுவித்துவிட்டார்கள். சாயங்காலம் ஆட்டம் இருக்கும் நாளில் அவன் மதியம் மூன்று மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தபோதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. மடித்த தாள் ஒன்றை மேஜைமேல் வைத்து, என் கையெழுத்துதானா என்று கேட்டான். ஆமாம் என்றேன். சத்தம் போட்டிருந்தால் தேவலை, அவன் உட்கார்ந்து நிதானமாகத்தான் பேசினான்.

"கணக்கெல்லாம் சரியா எழுதியிருக்கீங்க. அதுல எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. மைதானத்துல நான் பண்ணினது ஊரே பாத்தது, யார் வேணா எழுதலாம். ஆனா வெரலு மைதானத்துல இல்ல மிஸ்டர் டோலெப்சன். அது இந்த மேஜையில இருந்துச்சு."

ஐந்து வருஷமாக ஆர்விட் என்று கூப்பிட்டவன். அப்புறம் காலையில் அவன் சாப்பிட்ட தட்டு தொட்டியில் கிடந்ததைக் கழுவித் துடைத்து அடுக்கினான், உன் அறைப் படுக்கையை உதறிப் போட்டான், தன் பைகளை வண்டியில் ஏற்றினான். மன்னித்துக்கொள் என்று வாசல்வரை போய்ச் சொன்னேன். தொப்பியைத் தொட்டு மரியாதையாகத் தலையசைத்தான், முன்பின் தெரியாதவர்களிடம் செய்கிறமாதிரி. அர்க்கன்ஸாவில் அவன் தங்கை வீட்டுக்குத்தான் போயிருக்க வேண்டும். இரண்டு கடிதம் போட்டேன், இரண்டும் பிரிக்காமல் திரும்பி வந்துவிட்டன.

சும்மா இருக்க முடியாமல் ஹோல்கம்மை அவர் ஆபீசில் போய்ப் பார்த்தேன். கேட்சராக வேண்டாம் சரி, அடுத்த வருஷப் பயிற்சியாளர் வேலையையாவது அவனுக்குக் கொடுங்கள், எந்தப் பந்துக்கு எவன் தடுமாறுவான் என்று அவனுக்குத் தெரிகிறமாதிரி இந்த லீகில் யாருக்கும் தெரியாது, கஸ் வாக்குக் கொடுத்திருக்கிறார் என்று கெஞ்சினேன். அந்த மனிதர் கோபப்படவே இல்லை. இழுப்பறையைத் திறந்து என் தாள்களை எடுத்து ஒன்பதாம் பக்கத்தை என் பக்கமாகத் திருப்பி வைத்தார். மானேஜரின் பழைய சினேகிதர்களுக்குப் பயிற்சியாளர் வேலை கொடுக்காதே என்று நான் அடிக்கோடிட்டு எழுதியிருந்தேன். "நீங்க சொன்னதத்தான் சார் செய்யறேன்" என்றார். என் கையெழுத்தோடு நானே என்னத்தைச் சண்டை போட. வேறு டீமில் சேர்க்கலாமா என்று கஸ் இரண்டு இடத்தில் விசாரித்துப் பார்த்தாராம், எடுத்த எடுப்பில் விரல் எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டார்களாம். கஸ்ஸுக்கும் இதுதான் கடைசி வருஷம். மளிகைக் கடையில் என்னைப் பார்த்தால் அடுத்த வரிசைக்குப் போய்விடுகிறார்.

இனி சொல்லப்போவதைக் கேட்டு நீ என்னை என்ன நினைப்பாயோ. வெர்னன் இடத்தில் டுபியூக் கல்லூரியிலிருந்து ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள், நான் எழுதிக் கொடுத்த பெயர்களில் ஒருவன். அதற்கப்புறம் பன்னிரண்டு ஆட்டத்தில் ஒன்பது ஜெயித்துவிட்டோம். போக வேண்டாம் என்றுதான் இருந்தேன், போன சனிக்கிழமை லெஸ்டர் வந்து இழுத்துக்கொண்டு போனான். அந்தப் பையன் ஒரே இன்னிங்ஸில் இரண்டு திருட்டு ஓட்டக்காரர்களை எறிந்து வீழ்த்தினான், பந்து கயிறு கட்டி இழுத்தமாதிரி போனது, மைதானமே எழுந்து நின்று கத்தியது. நானும் எழுந்து நின்று கத்தினேன். உட்கார்ந்து நோட்டில் குறித்த பிறகுதான் நான் என்ன செய்தேன் என்று எனக்கு உறைத்தது. சந்தோஷமாக இருந்தது மாரிட், அதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆறாவது இன்னிங்ஸோடு நோட்டை மூடிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டத்துக்கு முன்னால் மரியாதைக்கு முதல் பந்தை என்னை எறியச் சொல்கிறார் ஹோல்கம், ஒலிபெருக்கியில் என் பேரைச் சொல்லி, டீமைத் திருத்திய ரசிகர் என்று அறிவிப்பார்களாம். தோள்வலி என்று சொல்லிவிட்டேன். உன் அத்தையோ, நெசத்தச் சொல்லிட்டு வராம இருக்க வேண்டியதுதான, அதுலயும் பொய்யா என்று கேட்கிறாள். அவளுக்கென்ன, வீட்டுக்குள் கால் நீட்டிப் படுத்திருக்கிறாள், நான் இந்த ஊரில் நடமாட வேண்டும்.

நீ நர்ஸாயிற்றே, விரல் மரத்துப்போனால் ஆபரேஷன் செய்து சரியாக்கலாமா, எத்தனை மாதத்துக்குள் செய்ய வேண்டும், விட்டுவிட்டால் கை முழுக்கப் பரவுமா என்று விசாரித்து எழுது என்று கேட்கத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். போன கிறிஸ்துமஸுக்கு நீயும் அவனும் இங்கே வந்திருந்தபோது அவனுக்கு உன்மேல் நல்ல மதிப்பு ஏற்பட்டது, என்றைக்காவது உன்னைப் போனில் கூப்பிட்டாலும் கூப்பிடுவான். முடிக்குமுன் ஒரு தடவை வாசித்துப் பார்த்தேன். அவன் எனக்கு மட்டும் என்று சொன்னதை, அவனைக் கேட்காமல், இன்னொருவருக்கு விலாவாரியாக எழுதி வைத்திருக்கிறேன். கிழித்துப் போடலாம் என்று கையில் எடுத்தேன். கிழித்தால் அவனுக்கு நான் செய்தது உனக்குத் தெரியாமல் போகும், அதுவும் எனக்கு வசதியாகப் போய்விடும். ஆகவே அனுப்புகிறேன்.

கர்த்தர் உன்னைத் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும், உன் வேலையையும் உறக்கத்தையும் ஆசீர்வதிக்கட்டும். குளிர் ஆரம்பிக்குமுன் வண்டிக்கு டயர் மாற்றிவிடு. வெர்னன் கூப்பிட்டால், கையைப் பற்றி அவனாகச் சொல்கிறவரைக்கும் நீ கேட்காதே. சொன்னால், முதல் தடவை கேட்கிறமாதிரி கேட்டுக்கொள்.

இப்படிக்கு
உன் அப்பா
ஆர்விட் டோலெப்சன்