எட்டு அறைக் கூடு

இன்று காலையும், எறும்புகளுக்காக நீங்கள் செய்து வைத்த மூன்று அறைக் கூட்டை முகர்ந்து பார்த்தேன். ஏலக்காய் வாசம் போகவில்லை. நீங்கள் ஏலக்காய் ஸ்டோரிலிருந்து வீட்டுக்குள் நுழையும்போது கூடவே வரும் வாசம் அது. எனக்கு அவ்வளவு பிடிக்கும். இப்போதுதான் அதைக் கண்டு பயப்படுகிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன், திட்டக்கூடாது. நீங்கள் வளர்த்து விட்டுப்போன கட்டெறும்புகள் பெருகிவிட்டன. கண்ணாடிக் குழாயில் இடம் போதாமல், கூட்டுப்புழுக்களைக் கவ்வி வந்து தீனித் தட்டில் அடுக்குகின்றன. “புள்ளைகளத் தூக்கிட்டு வெளிய வந்துருச்சுன்னா, வீடு பத்தலன்னு அர்த்தம்” என்பீர்கள். பிளாஸ்டரில் இரண்டு கூடு வார்த்து வைத்தீர்கள், ஒன்று மூன்று அறை, இன்னொன்று எட்டு அறை. எதில் விடவேண்டும் என்று மட்டும் சொல்லாமல் போய்விட்டீர்கள்.

உங்கள் முதல் கூட்டம் நினைவிருக்கிறதா? கோடை மழை விட்ட சாயங்காலம், இறகு உதிர்த்த ராணியைத் தீப்பெட்டியில் கொண்டுவந்து, “வீட்டுக்கு ராணியம்மா வந்துருக்காக” என்றீர்கள். “அப்ப நான் யாரு?” என்றேன். “நீ சூப்பர்வைசரு புள்ள.” ஆனைக்கரை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தீர்கள். பிறகு இருபது எறும்புக்கு ஒரு பங்களா கட்டிக் கொடுத்தீர்கள். காலி அறைகளில் அவை குப்பையைக் கொட்டின. நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை பிடித்தது. கடைசியில் ராணியும் செத்தாள். அன்று நீங்கள் சாப்பிடவில்லை. “இடம் நெறைய இருந்தா நல்லா இருக்கும்னு நெனச்சேன் புள்ள. அதுகளுக்கு நெருக்கம்தான் தெம்பு.” அதற்கப்புறம் நீங்கள் பிடித்துவந்த ராணிதான் இப்போது குழாயில் இருப்பவள்.

அதை நினைத்துத்தான் சின்னதை எடுத்தேன். தூசியாக இருந்ததால் கழுவினேன். இந்த மழையில் எங்கே காயும்? அந்த நாளில் மகளின் பள்ளி யூனிபாரத்தைக் காயவைத்த பழக்கத்தில், ஸ்டோரில் ஏலக்காய் உலர்த்தும் அறையில் ஒரு நாள் வைத்தேன். நன்றாகக் காய்ந்தது, வாசத்தையும் சேர்த்துக் குடித்துக்கொண்டது. குழாயோடு இணைத்தால், எறும்புகள் வாசல்வரை வந்து மீசையை ஆட்டிவிட்டுத் திரும்பிவிடுகின்றன. நான்கு நாள் இதே கதை. ஜன்னல் காற்றில் ஒரு வாரம் வைத்தும் பயனில்லை.

கம்பத்திலிருந்து மகள் போனில், “எம்மா, அதுகளத் தோட்டத்துல விட்டுட்டு இங்க வந்துருங்க” என்றாள். மருந்தடிக்கிற தோட்டத்தில் ஒரு நாள் தாங்குமா? “அப்பா கையால எடுத்த ராணிடி” என்றேன்.

பெரிய கூட்டில் வாசம் இல்லை. ஆனால் எட்டு அறை. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, கல்யாணமான புதிதில் நமக்குக் கிடைத்த அந்த நீளமான குவார்ட்டர்ஸ் நினைவுக்கு வந்தது. குளிர் தாங்காமல் நான் அழுதேன். நீங்கள் குறுக்கே ஒரு படுதாவைக் கட்டினீர்கள். “இப்போதைக்குப் பாதி போதும். புள்ள பொறந்தா அவுத்துக்கிருவோம்.”

எழுந்து பஞ்சை எடுத்தேன். ஐந்து அறைகளின் வாயை அடைத்து, மூன்றை மட்டும் விட்டேன். குழாயைச் சேர்த்தேன். எறும்புக்கு இருட்டாகத் தெரியும் சிவப்புத் தாளால் கூட்டை மூடி, பழைய குழாயை வெளிச்சத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். மதியம் ஒரு எறும்பு உள்ளே போனது. திரும்பி வராதபோது எனக்கு உயிரே போய்விட்டது. பிறகு வந்தது, இன்னொன்றைக் கூட்டிக்கொண்டு போனது. நாலு மணிக்கு ராணி தானே நடந்து போனாள். நான் சத்தம் போட்டு அழுதேன்.

நீங்கள் போனபின், காலையில் கண் விழிக்காமலே போனாலும் சரி என்று எத்தனை நாள் படுத்திருப்பேன், தெரியுமா? இப்போது வேறு பயம். கூட்டம் பெருகப் பெருக ஒவ்வொரு பஞ்சாக எடுக்க வேண்டும். ஐந்து இருக்கின்றன. கடைசிப் பஞ்சை எடுக்கும்வரை எனக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது.

நிறுத்தியிருந்த பிரஷர் மாத்திரையை இன்று மறுபடி போட்டுக்கொண்டேன்.