நான் வட்டம் போட்ட புயல்

அக்டோபர் 4
மன்னித்துக்கொள், நோட்டே. உன்னைக் காற்றழுத்தம் குறிக்கத்தான் கொடுத்தார்கள், என் பிதற்றலுக்கு அல்ல. ஆனால் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். இன்று நான் ஒரு மேகக்கூட்டத்துக்கு வட்டம் போட்டேன்!

எங்கள் வானிலை முன்னறிவிப்பு அறையில் ஒரு வழக்கம். கடலில் எதையாவது சந்தேகப்பட்டு வரைபடத்தில் முதலில் சிவப்பு வட்டம் போடுபவர்தான், அது ஓயும்வரை அதன் மையத்துக்குப் புள்ளி வைத்துக்கொண்டே வர வேண்டும். "பெத்தவங்கதானே வளர்க்கணும்" என்றார் ரேடார் பார்க்கும் அண்ணன்.

அக்டோபர் 5
அலுவலகத் தலைவரான பெரிய சார் கூப்பிட்டார். பயிற்சி முடிய ஒரு வாரம்தான்.

"காலைக் கலந்தாய்வுல நீ இதுவரைக்கும் வாயே திறக்கலம்மா. இந்த மேசைக்கு வாய் வேணும். ஆவண அறை அமைதியா இருக்கும், உனக்கு ஒத்துவரும்."

தலையை ஆட்டினேன். ஏன் ஆட்டினேன்? பழைய மழைப் பதிவேடுகளோடு நானும் பழசாகவா? 'வேண்டாம் சார்' — இரண்டே சொல். தொண்டைவரை வந்துவிட்டுத் திரும்பிப் போயிற்று.

அக்டோபர் 6
தாழ்வு மண்டலமாகிவிட்டது!

அம்மா: "காலேஜுக்குப் போனது மேகம் பார்க்கவாடி? அதை நான் துணி காயப்போடும்போதே பார்க்கறேனே."

அப்பாவோ தெருவில் எல்லாரிடமும், "என் பொண்ணு ஒரு புயல் வளர்க்கிறா" என்கிறாராம். மானம் போகிறது. சந்தோஷமாகவும் இருக்கிறது.

அக்டோபர் 7
புயல். புயலேதான்! அலுவலகப் படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினேன்.

அக்டோபர் 8


இருட்டிய பிறகு செயற்கைக்கோளில் வருவது வெப்பப் படம்தான். உயரமான மேகம் மட்டும் பளீரென்று தெரியும். நேற்று மாலையிலிருந்து அதன் நடுவில்தான் புள்ளி வைத்தேன். எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். தெற்குக் கரைக்கு எச்சரிக்கை தயாரானது.

காலையில் வெயில் பட்ட முதல் படம் வந்தது. அந்த வெள்ளைக்கு வெகு தூரத்தில், வடகிழக்கே, மெல்லிய சுழி ஒன்று வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. ஐயோ, அதுதான் மையம்! மேல்காற்று மேகத்தைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. அங்கிருந்து கணித்தால் புயல் போவது வடக்குக் கரைக்கு. அந்தப் பக்கத்துப் படகுகள் எல்லாம் இன்னும் கடலில்.

பெரிய சார் கையெழுத்துக்குப் பேனாவைத் திறந்தார்.

"சார், என் புள்ளி தப்பு."

என் குரலா அது? அறையே திரும்பியது.

"எந்தப் புள்ளிம்மா?"

"நேத்து சாயங்காலத்திலேர்ந்து வெச்சது எல்லாமே சார்."

யாரோ சிரித்தார்கள். எழுந்துபோய்த் திரையில் விரலை வைத்தேன். "இது வெறும் தொப்பி சார். காத்துல பறந்துடுச்சு. தலை இங்க இருக்கு."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ரேடார் அண்ணனிடம், "என்னய்யா?"

"பாப்பா சொல்றது சரிதான் சார். வடக்கு ரேடார்லயும் லேசாத் தெரியுது."

"அப்போ இத்தனை பேரும் தொப்பிக்கா சலாம் போட்டுக்கிட்டிருந்தோம்?"

எச்சரிக்கை வடக்குக்கு மாறியது. நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வாயைப் பொத்திச் சிரித்தேன்.

அக்டோபர் 9
மாலை நாலு மணிக்கு வடக்கே கரையைக் கடந்தது. படகுகள் அத்தனையும் அதற்கு முன்பே திரும்பிவிட்டன. கடைசிப் புள்ளியைத் தரைமேல் வைத்தேன்.

"உன் புயல் நல்லபடியா போச்சா?" என்று கேட்டாள் அம்மா, பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பிவைத்தவள்போல.

அக்டோபர் 11
பயிற்சியின் கடைசி நாள். பெரிய சார் மேசையில் ஆவண அறைச் சாவி இருந்தது. எடுத்துக்கொள் என்று அவர் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"என்னம்மா?"

சாவியை அவர் பக்கமே நகர்த்தினேன்.

"சார், ஆவண அறை வேண்டாம். இந்த மேசையிலேயே இருக்க விடுங்க. கிழக்கு ஓரத்துல ஒண்ணு கிளம்பற மாதிரி இருக்கு சார் — அதுக்கும் நானே வட்டம் போடட்டுமா?"