கை கட்டும் துணி

இயேசு மரி சூசை துணை

முடிச்சூர்,
குருத்தோலை ஞாயிறு, மாலை.

அன்பு மகன் இனிகோவுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் நானும் சுகம். நீ சுகமாக இருக்கிறாய் என்பது ஃபாயிசா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் போன் செய்தால் நீ எடுப்பதில்லை. இரண்டு நாள் கழித்து “நல்லா இருக்கேன்மா” என்று ஒரு மெசேஜ் வருகிறது. முடிச்சூரிலிருந்து நாவலூருக்கு ஒரு பஸ் மாறினால் போதும். இருந்தும் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்கு எழுதுவதுபோல் எழுத வைத்துவிட்டாய்.

ஃபாயிசா மேல் கோபப்படாதே. அவள் ஆபீஸ் கேண்டீனில் நீ சாம்பார் வாளியோடு நின்றதைப் பார்த்தபோது, வீட்டில் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாயாம். அவள் ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாள். அவள் அம்மா ஹஃபீசாவிடம் எதுவும் நிற்குமா? இந்த வருஷம் அவர்களுக்கு நோன்பும் நமக்குத் தவக்காலமும் ஒரே நாளில் தொடங்கின. கஞ்சி கொண்டுவந்த ஹஃபீசா பாத்திரத்தைக் கீழே வைப்பதற்குள் சொல்லிவிட்டாள். இந்தக் கடிதத்தையும் ஃபாயிசாதான் கொண்டுவருகிறாள். அவள் எதிரிலேயே பிரித்துப் படி என்று சொல்லியிருக்கிறேன்.

சாமியார் படிப்பு வேண்டாம் என்று குருமடத்தை விட்டு நீ வெளியே வந்ததாக ஜனவரியில் அங்குள்ள அதிபர் போன் செய்தபோது நான் அழுதேன். உன்னை நினைத்து அழுதேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் தவக்காலத்தில் பொய் வேண்டாம். என்னை நினைத்துத்தான் அழுதேன். ஐந்து வருஷமாகக் கோயிலில் எல்லாரும் என்னை “ஃபாதரோட அம்மா” என்று கூப்பிட்டார்கள். நீ இன்னும் தத்துவப் படிப்பையே முடிக்கவில்லை, எனக்கு அதற்குள் பட்டம் கிடைத்துவிட்டது. திருவிழா அன்று முன்வரிசையில் இடம் போட்டுத் தருவார்கள். அது எனக்கு ருசியாக இருந்தது, இனிகோ. அதை இழந்ததற்காக அழுதேன்.

பிறகு ஹஃபீசா ஒரு கேள்வி கேட்டாள். அதிலிருந்து நான் இன்னும் மீளவில்லை.

வெள்ளம் வந்த அந்த டிசம்பர் காலை உனக்கு ஞாபகம் இருக்கும். உனக்குப் பன்னிரண்டு வயது. தெருவில் நெஞ்சளவு தண்ணீர். ஹஃபீசா வீட்டு ஜமால் அண்ணன் உன்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவர்கள் மாடிக்கு வந்துகொண்டிருந்தார். நான் படியில் நின்று பார்க்கும்போதே அவர் கால் வழுக்கி இரண்டு பேரும் தண்ணீருக்குள் போய்விட்டீர்கள். மாதாவே, இவனைத் திருப்பிக் கொடு, உன் மகனுக்கே கொடுத்துவிடுகிறேன் என்று கத்தினேன். ஜமால் அண்ணன் உன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

அந்த நேர்ச்சையை மனசில் பூட்டி வைத்திருந்தேன். பிளஸ் டூ முடித்துவிட்டு நீ கேட்டரிங் படிக்கிறேன் என்று விண்ணப்பத்தைக் கொண்டுவந்த அன்றுதான் சொன்னேன். நீ கடவுளுக்கு நேர்ந்த பிள்ளை, நீ பிழைத்ததே அதனால்தான் என்றேன். விண்ணப்பத்தை நான்காக மடித்து பைபிளுக்குள் வைத்தாய். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

இந்தக் கதையைத்தான் ஹஃபீசாவிடம் புலம்பினேன். அவள் கஞ்சிக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே, “ஏன்க்கா, நேந்துக்கினது நீ. போனது அவன். இது இன்னா நியாயம்? தண்ணியில கீற புள்ளைய யாரு கேட்டாங்க? அப்பிடியே பாத்தாலும் தூக்கினது எங்க வூட்டுக்காரரு. அவருக்கில்ல நீ குடுத்திருக்கணும்?” என்றாள். நான் சிரித்துவிட்டேன். கஞ்சியைக் குடிக்காமல் மூடி வைத்தேன்.

மறுநாளே பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். புதிதாக வந்திருக்கும் பங்குத்தந்தை தேவானந்தம் ஃபாதர் வயதில் சின்னவர். இவருக்கு என்ன தெரியும் என்ற நினைப்போடுதான் முழந்தாளிட்டேன். எல்லாம் கேட்டுவிட்டு, “நேர்ச்சை யார் செய்றாங்களோ அவங்களத்தான்மா கட்டும். இன்னொருத்தர் வாழ்க்கைய நீங்க நேர முடியாது. அது திருச்சபைச் சட்டம்” என்றார். எனக்கு வந்த கோபத்தில் இத்தனை வருஷமாக இதை ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்கள் யாரிடமாவது கேட்டீர்களா என்றார். கேட்கவில்லை. அபராதமாக என்ன ஜெபம் சொல்ல வேண்டும் என்றேன். ஜெபம் நீங்கள் எப்படியும் சொல்வீர்கள், மகனிடம் மன்னிப்புக் கேளுங்கள் என்றார். நூறு ஜெபமாலை சொல்லச் சொல்லியிருந்தால் முழந்தாளில் நின்றே சொல்லி முடித்திருப்பேன். இது கஷ்டமாக இருந்தது. மூன்று வாரம் தள்ளிப்போட்டேன்.

புதன்கிழமை நம் வீட்டில் அன்பியக் கூட்டம், கோயில்காரர்கள் பதினைந்து பேர் ஜெபம் சொல்ல வந்திருந்தார்கள். ஜீவிதா மன்றாட்டு சொல்லும்போது, இறை அழைத்தலை விட்டு விலகிப்போன பிள்ளைகள் மனம் திரும்ப வேண்டும் என்று ஆரம்பித்தாள். பெயர் சொல்லவில்லை, ஆனால் பதினைந்து பேரும் சுவரில் இருந்த உன் படத்தைத்தான் பார்த்தார்கள். நான் எழுந்துவிட்டேன். “ஜீவிதா, அதை மாத்திச் சொல்லு. எம்புள்ள எதையும் விட்டு விலகல. நான்தான் அவனைக் கேக்காம அனுப்பிட்டேன். மனம் திரும்ப வேண்டியது நான்” என்றேன். அப்புறம் ஜீவிதாவே, பவுலின் அக்காவுக்காக மன்றாடுவோம் என்றாள். எல்லாரும் “எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்றார்கள். சுண்டல் கொடுத்து அனுப்பினேன். இன்று கோயிலில் இரண்டு பேர் என்னிடம் பேசவில்லை. பேசாமல் போகட்டும். முன்வரிசையில் உட்காராததால் மின்விசிறிக் காற்று நன்றாகவே வந்தது.

அப்பாவைப் பற்றி நீ பயப்பட வேண்டாம். எனக்கு அவர் சொன்னது ஒன்றே ஒன்று. அன்றைக்கே பையனைக் கேட்டிருக்கலாம் என்று நினைத்தாராம், வாயைத் திறக்காதது தன் தப்பாம். நேற்று உன் பழைய சைக்கிளை வெளியே எடுத்து டியூப் மாற்றி, சங்கிலிக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார். பெரிய வியாழன் பூசையில் ஃபாதர் பாதம் கழுவிவிடப்போகும் பன்னிரண்டு பேரில் அவரும் ஒருவர். இப்போதே குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

இனி, எழுத உட்கார்ந்த விஷயம். இனிகோ, என்னை மன்னித்துவிடு. பயத்தில் வாய் விட்டது தப்பில்லை, எந்தத் தாயும் விடுவாள். அந்தப் பயத்தை உன் தலையில் ஏற்றி ஐந்து வருஷம் சுமக்க வைத்தது தப்பு. நீ யாருக்கும் எதையும் கொடுக்க வேண்டியதில்லை. என் நேர்ச்சையை என்ன செய்வது என்று நானும் மாதாவும் பேசிக்கொள்கிறோம். நீ நடுவில் வராதே.

கடிதத்தோடு ஒரு பொட்டலம் இருக்கிறது, பிரித்துப் பார். குருப்பட்டத்தன்று ஆயர் உள்ளங்கையில் எண்ணெய் பூசியதும் கைகளைக் கட்டுவார்களே, அந்த வெள்ளைத் துணி. நீ குருமடம் சேர்ந்த இரண்டாம் வருஷமே தைத்து, ஓரத்தில் சிலுவையும் திராட்சையும் பின்னி வைத்துவிட்டேன். கல்யாணத்துக்கு முன்னே தொட்டில் வாங்கிய கதைதான். அந்தத் துணியைப் பட்டம் பெற்ற மகன் தாயிடம் கொடுப்பான், அவள் சாகும்போது பெட்டியில் அவள் கையில் வைப்பார்கள். மோட்ச வாசலில் அதைக் காட்டலாம் என்று எனக்கு ஒரு பேராசை இருந்தது. பீடத்துக்குக் கொடுத்துவிடலாமா என்று நினைத்தேன். மனசு வரவில்லை, அது உனக்காகத் தைத்தது. கேண்டீனில் இடுப்பில் செருகிக்கொள். அடுப்பிலிருந்து அண்டாவை இறக்கும்போது கை சுடாமல் இருக்கும். நல்ல கெட்டித் துணி.

பெரிய வெள்ளிக்கு உங்கள் கேண்டீன் லீவு என்று விசாரித்துவிட்டேன், அதனால் சாக்குச் சொல்லாதே. வியாழன் மாலையே வந்துவிடு. சனி இரவு ஈஸ்டர் பாஸ்கா பூசைக்குக் கோயிலுக்கு வருவதும் வராததும் உன் இஷ்டம், நான் கேட்க மாட்டேன். ஞாயிறு பிரியாணி மட்டும் நீதான் செய்கிறாய், ஹஃபீசா வீட்டுக்கும் சேர்த்து. வராவிட்டால் திங்கட்கிழமை காலை உன் கேண்டீன் வாசலில் நான் உட்கார்ந்திருப்பேன். நான் செய்வேன் என்று உனக்குத் தெரியும்.

அந்தத் துணியில் மஞ்சள் படட்டும், எண்ணெய் படட்டும். என் காலம் முடிகிற அன்று அதைத் துவைக்காமல் கொண்டுவந்து என் கையில் வை. ஆண்டவர் இது என்ன கறை என்று கேட்டால், பசித்தவர்களுக்கு என் மகன் சோறு போட்ட கறை என்று நிமிர்ந்து சொல்லிக்கொள்கிறேன்.

உன் நெற்றியில் சிலுவை போட்டு முடிக்கிறேன். வா, கண்ணு.

உன் அம்மா,
பவுலின்