சிங்கிக்கு ஒத்துக்கொள்ளாதது

பிப்ரவரி 11, ஞாயிறு

தண்ணீர் லாரி வரவில்லை. துணி ஊறிக்கொண்டே கிடக்கிறது. சிங்கிக்குக் காலையிலிருந்து மறுபடியும் பேதி. கூடத்தில், மாடிப்படியில், செருப்பு விடும் இடத்தில். நான்தான் அள்ளினேன். பினாயில் ஊற்றிவிட்டு நிமிர்ந்தால், அது ஜானட் காலடியில் போய்ப் படுத்திருக்கிறது. அவள் அதன் காதைத் தடவிக்கொண்டே, "இன்னாடி ஆச்சு உனுக்கு?" என்கிறாள்.

இன்னா ஆச்சா? நீ வந்த. அதான் ஆச்சு.

முன்பெல்லாம் இந்த நாய்க்கு ஒன்றுமே வந்ததில்லை. நான் வேலை செய்யும் கன்டெய்னர் யார்டு வாசலில், மழையில், லாரிக்கு அடியில் கிடந்த குட்டி. சிங்கி இறால் நிறம் என்பதால் அந்தப் பெயர். புடவைத் தலைப்பில் சுற்றித் திருவொற்றியூருக்குக் கொண்டுவந்தேன். அம்மா போன பிறகு இந்த வீட்டில் நான், தம்பி விமல், சிங்கி. விமல் காசிமேட்டில் விசைப்படகு டிரைவர். கடலுக்குப் போனால் வீட்டில் எனக்கு நாய்தான் துணை. போன வருஷம் அவன் ஜானட்டைக் கட்டிக்கொண்டு வந்தான். அதற்குப் பிறகுதான் இந்த வயிற்றுக் கோளாறு. கொஞ்ச நாள் நன்றாக இருக்கும். திடீரென்று வாந்தி, பேதி. அப்புறம் ஒன்றுமே நடக்காதது மாதிரி வாலாட்டும்.

இவள் எதையோ போடுகிறாள்.

பிப்ரவரி 15, வியாழன்

ஜானட் மீன் தலை கழுவிக்கொண்டிருந்தாள். சிங்கி பக்கத்திலேயே. அதற்கு ஏதாவது போட்டாயா என்று கேட்டேன். "இல்லக்கா, காட்டக்கூட இல்ல." நம்பவில்லை.

பிப்ரவரி 20, செவ்வாய்

தெருமுனையில் என் செருப்புச் சத்தம் கேட்டாலே சிங்கி கேட்டைப் பிராண்டும். அதெல்லாம் அந்தக் காலம். இன்று நானே கேட்டைத் திறந்து, நானே விளக்கைப் போட்டு உள்ளே போனால், அது அவள் அறையில், அவள் வயிற்றின் மேல் தலையை வைத்துக்கொண்டு கிடக்கிறது. ஆறாவது மாசம். "கொயந்த உதைக்கறது இதுக்குத் தெரிதுக்கா," என்று சிரிக்கிறாள்.

தம்பி உனக்கு. குழந்தை உனக்கு. அம்மாவின் அறையும் உனக்கு. இதுவுமா?

இப்போதெல்லாம் என் கைப்பையில் தேரடிக் கடை பால்கோவா ஒரு பொட்டலம் இருக்கிறது. பிரித்தேன். காகிதச் சத்தத்துக்கே ஓடி வந்தது. பின்கட்டில் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, முழுவதையும் கையால் ஊட்டினேன். விரலெல்லாம் நக்கியது. அந்தக் கொஞ்ச நேரம் அது என் சிங்கி.

பிப்ரவரி 21, புதன்

வாந்தி. பேதி. கண்ணெல்லாம் உள்ளே போய்விட்டது, பாவம். ஜானட் நேற்று கருவாடு வறுத்திருக்கிறாள். வேறென்ன சாட்சி வேண்டும்?

பிப்ரவரி 24, சனி

தண்டையார்பேட்டை நாய் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். பூச்சி இல்லையாம். "எப்பவாவதுதான் வருதுன்னா, எப்பவாவது மட்டும் உள்ள போற ஏதோ ஒண்ணு இருக்குமா. சாதம், உப்பில்லாம வேகவெச்ச கோழி. வேற ஒண்ணும் வேணாம். நல்லானதும் ஒவ்வொண்ணா சேத்துப் பாருங்க, எது ஒத்துக்கலன்னு தெரிஞ்சிடும்," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஜானட்டை நிற்கவைத்துச் சொன்னேன். இனி எதுவும் போடமாட்டேன்னு மாதா மேல் சத்தியம் பண்ணு என்றேன். பண்ணினாள். முகம் சுருங்கிப் போயிற்று. எனக்கு மனசு குளிர்ந்தது. பொய்யாக எதற்கு எழுத வேண்டும்?

மார்ச் 8, வெள்ளி

சிங்கி நன்றாக இருக்கிறது. கெட்டியாகப் போகிறது. ஆக, அவள்தான்.

மார்ச் 10, ஞாயிறு

விமல் கடலிலிருந்து வந்தான், வஞ்சிரத்தோடு. முன்பு வாசலிலிருந்தே "எக்கா, கொயம்பு வெய்" என்பான். இன்று நேராக அவள் கையில் கொடுத்தான். சாப்பிட்டுவிட்டு அவன், அவள், நாய் மூன்று பேரும் ஒரே பாயில் டிவி பார்த்தார்கள். நான் சமையலறை வாசலில் நின்று கையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். கை எப்போதோ காய்ந்துவிட்டது.

சிங்கி என்று கூப்பிட்டேன். தலையை மட்டும் தூக்கியது. இன்னொரு தரம் கூப்பிட ரோஷம். பையிலிருந்து பொட்டலத்தை எடுத்தேன். வந்தது. இரண்டு வாரமாக வெறும் சாதமும் கோழியும்தானே தின்கிறது. ஒரு ஸ்வீட்டில் என்ன வந்துவிடும்?

மார்ச் 11, திங்கள்

பாய், தலையணை, விமலின் சட்டை, எல்லாம் போச்சு. ரத்தம் கலந்து போனது.

"சத்தியம் பண்ணியேடி! வஞ்சிரத்துல எத்தினி துண்டு போட்ட?" என்று கத்தினேன். ஜானட் அழவில்லை. என்னையே பார்த்தாள்.

விமல்தான் குதித்தான். "கொயந்த பொறக்கப்போற வூடு, இன்னா கலீஜா கீது பாரு! மாத்தூர்ல நம்ம தோஸ்து திலீப் நாய் கேட்டுகினே கீறான். குட்த்துடறேன்."

"என் நாயிடா அது!"

"உன் நாயின்னா ஒயுங்கா பாத்துக்கணும்."

குட்த்துடுவானா? இந்த வூட்ல எனுக்குன்னு வேற இன்னா கீது?

மார்ச் 12, செவ்வாய்

மூவரும் சிங்கியைத் தூக்கிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனோம். வயிற்றை அழுத்தியதும் முனகியது. ஊசி, குளுக்கோஸ். "பால் ஐட்டம் எதாவது குடுத்தீங்களா? ஸ்வீட்டு, ஐஸ்கிரீம்? நிறைய நாய்ங்களுக்குப் பால் செரிக்காது. அவ்ளோ கொழுப்பும் சக்கரையும் உள்ள போனா கணையம் வீங்கி உயிரே போயிடும்மா."

அந்தத் துவைக்கிற கல். அந்தப் பொட்டலம். பொங்கலுக்கு அவள் வீட்டார் வந்திருந்தபோது ஒன்று. அவளுக்கு விமல் கொலுசு போட்டுவிட்ட அன்று ஒன்று. நான் வெந்துபோன ஒவ்வொரு நாளும் சிங்கிதான் அவதிப்பட்டிருக்கிறது.

வாயைத் திறந்தேன். விமல் பக்கத்திலேயே நின்றான். மூடிக்கொண்டேன்.

"நான்தான் மேடம் குட்த்தேன்," என்றாள் ஜானட். "பால்கோவா."

டாக்டரம்மா அந்தப் பெயரைச் சொல்லவே இல்லை. அப்படியென்றால் இவளுக்குத் தெரியும்.

வழியெல்லாம் விமல் அவளைத் திட்டிக்கொண்டு வந்தான். நான் சிங்கியை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தேன்.

மார்ச் 13, புதன்

நல்லவளாக இருப்பதிலும் அவளே ஜெயிக்க வேண்டுமா?

மார்ச் 14, வியாழன்

விமல் அவளோடு பேசுவதில்லை. இதற்குத்தானே ஆசைப்பட்டேன்? சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் அவள் பின்கட்டில் துவைத்துக்கொண்டிருந்தாள். "எப்ப பாத்த?" என்றேன்.

"பொங்கலப்பவே. பேப்பர கல்லுக்கடியில சொருவறீங்க. பெருக்கறது நான்தானேக்கா."

"அப்பவே ஏன் சொல்லல?"

"அதாலதான் வயிறு கெட்டுப்போவுதுன்னு எனுக்கு இன்னா தெரியும்? உங்ககிட்ட அது ஓடியாற நேரம் அது ஒண்ணுதான். அத்தப் போயி எப்டி கேக்கறது?"

பாவம் பாக்கறியா என்னை? அறைஞ்சிருப்பேன். நெஜமா கை தூக்கிட்டேன். அப்புறம் அந்தக் கல்லு மேலயே உக்காந்துட்டேன்.

அவள் சோப்புக் கையோடு எதிரில் குந்தினாள். "அவரு கடலுக்குப் போய்ட்டா நான் மட்டும் யார்கிட்ட பேசறது? நீங்க மூஞ்ச தூக்கிகினு உள்ள போய்டறீங்க. சிங்கிகிட்டதான் பேசிகினு கீறேன்."

எனக்கு இது ஒருநாளும் தோன்றியதில்லை. ஒரே வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் அந்த ஒரு நாயிடம்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம்.

விமலிடம் சொல்லிவிட்டேன். "நான்தான்டா." எழுந்து அவள் அறைக்குப் போனான். திலீப்புக்கு நாய் இல்லை என்று ஃபோன் செய்ததும் காதில் விழுந்தது.

மார்ச் 31, ஞாயிறு

ஈஸ்டர். ஜானட் கேக் வெட்டினாள். சிங்கி எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது. இரண்டு பேருமே கொடுக்கவில்லை.

மே 5, ஞாயிறு

ஜானட் பிரசவத்துக்கு மணலி புதுநகரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மீன்பிடித் தடைக்காலம், விமல் வலை பின்னுகிறேன் என்று படகிலேயே கிடக்கிறான். சிங்கி முழுக்க எனக்குத்தான். என் கட்டிலுக்கு அடியில் படுக்கிறது. வயிறும் நன்றாக இருக்கிறது. ஆனால் அவள் அறைக் கதவை மோந்து பார்த்துவிட்டு வந்து, என்னைப் பார்க்கிறது. நான் என்னடி செய்ய?

இன்று ஆட்டோ வைத்து அதைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் தெரு திரும்பியதும் இறங்கிக் கயிற்றை விட்டேன். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடியது. வயிறு எரியத்தான் செய்தது. வாசலில் ஜானட், இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "எக்கா!" என்று கத்தினாள். நாயை அல்ல, என்னை.

நானும் கொஞ்சம் வேகமாகத்தான் நடந்தேன்.